தனித்துப் பறந்த விமானி



போர்க்காலத்தில் வானில் பறந்து, வீரப் பதக்கம் பெற்ற விமானிகளைப் பற்றி இன்று பேச இருக்கிறேன். "விமானிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் மண்ணில் நின்று மரம் வெட்டிப் பிழைக்கிறவர்கள் ஆயிற்றே!" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தது பட்டர்வொர்த்திலும் அலோர்ஸ்டாரிலும்தான். அந்த விமானி விழுந்த இடம் கெடா மாநிலத்து நெல்வயல். அவர் உறங்குவது தைப்பிங் மலையடிவாரத்தில். பினாங்கு, கெடா, பேராக் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தலைக்கு மேலே நடந்த கதை இது.

முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். போரில் பயன்பட்ட விமானங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சண்டை விமானம். இது சிறியது, வேகமானது. பெரும்பாலும் ஒரே ஆள்தான் இருப்பார். ஓட்டுவதும் அவரே, சுடுவதும் அவரே. எதிரி விமானங்களைத் துரத்தி அடிப்பது இதன் வேலை. மற்றொன்று, குண்டுவீச்சு விமானம். இது பெரியது, வேகம் குறைந்தது. இதில் ஓட்டுகிறவர் ஒருவர், வழி பார்த்துச் சொல்கிறவர் ஒருவர், துப்பாக்கி பிடிக்கிறவர் ஒருவர் என்று பலர் இருப்பார்கள். சண்டை விமானம் பருந்து என்றால், குண்டுவீச்சு விமானம் சுமை தூக்கிப் பறக்கும் பறவை. பருந்தின் துணை இல்லாமல் சுமைப் பறவை தனியாகப் போவது பெரும் ஆபத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும், தென் தாய்லாந்தில் சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களிலும் கரையிறங்கின. சிங்கோரா என்பது இன்று சொங்க்லா என்று அழைக்கப்படும் ஊர். அங்கே இருந்த விமானத் திடலை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து அவர்களுடைய விமானங்கள் கெடாவுக்கும் பினாங்குக்கும் சுலபமாக வந்துபோக முடிந்தது.

அவர்களை எதிர்க்க மலாயாவில் என்ன இருந்தது? இந்நாட்டைக் காப்பாற்ற 336 விமானங்களாவது வேண்டும் என்று பிரிட்டிஷ் தளபதிகள் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். போர் தொடங்கிய நாளில் இருந்தவையோ 158. அவற்றிலும் பல பழைய விமானங்கள். நல்ல விமானங்கள் எல்லாம் ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடல் பகுதியிலும் நடந்த போருக்குப் போய்விட்டன. ஜப்பானியர்களிடமோ சுறுசுறுப்பான சண்டை விமானங்களும், சீனப் போரில் பழகித் தேர்ந்த விமானிகளும் இருந்தார்கள். எதிரியை எளிதாக எண்ணியவர்கள் முதல் நாளிலேயே பாடம் கற்றுக்கொண்டார்கள்.

அலோர்ஸ்டார் விமானத் திடலில் 62-ஆம் எண் கொண்ட விமானப் பிரிவு ஒன்று இருந்தது. அதில் இருந்தவை பிளெனிம் என்ற குண்டுவீச்சு விமானங்கள். இரண்டு இயந்திரங்கள், உள்ளே மூன்று பேர். டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அலோர்ஸ்டாரைத் தாக்கிப் பெரும் சேதம் செய்தன. மிஞ்சிய விமானங்கள் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவரப்பட்டன.

அந்தப் பிரிவில் ஆர்தர் ஸ்கார்ஃப் என்று ஓர் அதிகாரி இருந்தார். ஸ்குவாட்ரன் லீடர் என்ற பதவி. வயது 28. இங்கிலாந்தில் விம்பிள்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1936-ல் விமானப்படையில் சேர்ந்தவர். அவருக்குத் திருமணம் ஆகி எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. மனைவி பெயர் எலிசபெத். வேண்டியவர்கள் சேலி என்று அழைப்பார்கள். அந்த அம்மையார் ஒரு தாதி. அலோர்ஸ்டார் மருத்துவமனையில் பணியாற்றியவர்.

டிசம்பர் 9-ஆம் நாள் ஓர் உத்தரவு வந்தது. பட்டர்வொர்த்தில் பறக்கக்கூடிய நிலையில் இருக்கும் விமானங்கள் அனைத்தும் புறப்பட்டு, சிங்கோராவில் எதிரி பிடித்துவைத்திருக்கும் விமானத் திடலைத் தாக்க வேண்டும். இரவில் அல்ல, பட்டப்பகலில். துணைக்குச் சண்டை விமானங்களும் கிடையாது.

ஸ்கார்ஃப்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். ஆகவே முதலில் அவருடைய விமானம் மேலே கிளம்பியது. மற்றவை பின்னால் வருவதற்காகத் திடலில் வரிசையாக நின்றன. அந்த நேரம் பார்த்து ஜப்பானிய விமானங்கள் பட்டர்வொர்த்தின்மீது பாய்ந்தன. குண்டு போட்டன, தாழப் பறந்து சுட்டன. சில நிமிடங்களில் திடலில் நின்ற விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கும் நிலையில் இல்லை. சில எரிந்தன; சில உடைந்தன.

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஸ்கார்ஃப் இதையெல்லாம் பார்த்தார். தம் பின்னால் வர வேண்டியவர்கள் யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அவர் என்ன செய்திருக்கலாம்? தெற்கே திரும்பி வேறொரு திடலில் இறங்கியிருக்கலாம். "மற்ற விமானங்கள் அழிந்துவிட்டன, நான் ஒருவன் போய் என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லியிருந்தால் எந்த மேலதிகாரியும் குறை சொல்லியிருக்க மாட்டார். கூட்டமாகப் போகத்தான் உத்தரவு. கூட்டம் இல்லை என்றால் உத்தரவும் இல்லை என்று வாதாட நல்ல காரணம் இருந்தது.

அவர் அப்படி நினைக்கவில்லை. உடன் இருந்தவர்கள் இருவர். ஒருவர் கால்டர். மற்றவர் சிரில் ரிச். இந்த மூவரோடு அந்த ஒற்றை விமானம் வடக்கே திரும்பியது. சிங்கோராவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். எதிரியின் கண்ணில் படாதிருக்க, மரங்களுக்குச் சற்று மேலாகத் தாழப் பறந்தார். எல்லையைத் தாண்டினார். சிங்கோராத் திடலை அடைந்தார். எதிரி விமானங்கள் சூழ்ந்துகொண்டபோதும் குறி தவறாமல் தம் வேலையை முடித்தார். அதன் பிறகே திரும்பினார்.

திரும்புகிற வழிதான் கொடுமையானது. ஜப்பானியச் சண்டை விமானங்கள் விடாமல் துரத்தின. பிளெனிமின் மேல்புறத்தில், பின்னால் வருகிறவர்களைச் சுட இருந்தது ஓர் இயந்திரத் துப்பாக்கிதான். அதை வைத்துக்கொண்டு ஓயாமல் சுட்டார்கள். ஸ்கார்ஃப் விமானத்தை மரஉச்சிகளோடு ஒட்டி வளைத்து வளைத்து ஓட்டினார். ஆனாலும் குண்டுகள் பாய்ந்தன. அவருடைய இடது கை சிதைந்தது. முதுகிலும் பெருங்காயம். இரத்தம் கொட்டியது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தது.

அப்போது உடன் இருந்த இருவரும் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தாங்கிக்கொள்ள, அவர் ஓட்டினார். எல்லைக்கு இப்பால் முதலில் வருவது அலோர்ஸ்டார். அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்திலிருந்த நெல்வயலில், சக்கரத்தை இறக்காமல், வயிறு தரையில் உரசும்படி விமானத்தை இறக்கினார். சேறும் தண்ணீருமாக வாரி இறைத்துக்கொண்டு விமானம் நின்றது. உடன் வந்த இருவருக்கும் சிறு காயம்கூட இல்லை.

அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே தாதியாக நின்றவர் அவருடைய மனைவி. கணவனுக்கு உடனே இரத்தம் செலுத்த வேண்டும் என்றார்கள். சோதித்துப் பார்த்ததில் இருவர் இரத்தமும் ஒரே வகை. அந்த அம்மையார் தம் உடம்பிலிருந்து ஒரு லிட்டருக்கும் அதிகமான இரத்தத்தைக் கொடுத்தார். ஆனாலும் உயிர் தங்கவில்லை. அன்றே ஸ்கார்ஃப் கண் மூடினார்.

இந்த வீரம் உடனே உலகத்துக்குத் தெரிந்ததா? இல்லை. நான்கு நாளில், டிசம்பர் 13-ஆம் நாள், அலோர்ஸ்டார் ஜப்பானியர் வசமாயிற்று. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. பின்வாங்கிய குழப்பத்தில் விமானப்படையின் குறிப்புகள் காணாமல் போயின. பார்த்தவர்களில் சிலர் இறந்தார்கள். சிலர் சிறை முகாம்களில் கிடந்தார்கள். எழுத்தில் சாட்சி இல்லை. போர் முடிந்து, உயிரோடு மிஞ்சியவர்கள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் விவரம் வெளியே வந்தது.

1946 ஜூன் மாதம் அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்படுவதாக அறிவித்தார்கள். இது பிரிட்டிஷ் படையினருக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த வீர விருது. 1856-ல் ஏற்படுத்தப்பட்டது. பொன்னால் ஆனது என்று எண்ணிவிடாதீர்கள்; வெறும் வெண்கலந்தான். அதே ஆண்டில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அந்தப் பதக்கத்தை எலிசபெத் அம்மையாரிடம் கொடுத்தார். மலாயா வான்போரில் இந்த விருதைப் பெற்றவர் ஸ்கார்ஃப் ஒருவரே. 2023-ல் இங்கிலாந்தின் விமானப்படை அருங்காட்சியகம் அந்தப் பதக்கத்தை 6 லட்சத்து 60 ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கிக் காப்பாற்றி வைத்தது. பதக்கத்தில் இருக்கும் வெண்கலத்துக்கு அந்த விலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இனி, சண்டை விமானி ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜெஃப்ரி ஃபிஸ்கன். நியூசிலாந்துக்காரர். 1916-ல் பிறந்தவர். விமானப்படைக்கு வருமுன் பண்ணையில் வேலை பார்த்தவர். மண்ணோடு பழகிய மனிதர். சிங்கப்பூரில் காலாங் விமானத் திடலில் 243-ஆம் பிரிவில் இருந்தார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட விமானத்தின் பெயர் பஃபலோ. பஃபலோ என்றால் எருமை. பெயருக்குத் தக்க கனத்த உடம்பு. மேலே ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். ஜப்பானியரின் ஜீரோ விமானமோ மான்குட்டி போல் துள்ளித் திரும்பும். எருமையை வைத்துக்கொண்டு மான்குட்டியோடு ஓட்டப் பந்தயம் விட முடியுமா?

ஃபிஸ்கன் என்ன செய்தார் தெரியுமா? எதிரியோடு சரிக்குச் சரி வளைந்து திரும்பப் பார்த்தால் சாவு நிச்சயம் என்பதைப் புரிந்துகொண்டார். முன்கூட்டியே மிக உயரத்துக்கு ஏறிவிடுவது, அங்கிருந்து செங்குத்தாகப் பாய்ந்து சுடுவது, நிற்காமல் கீழே போய்விடுவது. கனத்த விமானம் கீழே பாயும்போது அதன் கனமே அதற்கு வேகம் ஆயிற்று. குறையையே துணையாக்கிக்கொண்டார். இப்படி மலாயா, சிங்கப்பூர் வானில் ஆறு எதிரி விமானங்களை அவர் வீழ்த்தியதாகக் கணக்கு எழுதப்பட்டது. 1942 பிப்ரவரித் தொடக்கத்தில் சண்டையில் காயப்பட்டு, சிங்கப்பூர் விழுமுன் தாயகம் அனுப்பப்பட்டார். பிறகு 1943-ல் சாலமன் தீவுகளில் மீண்டும் போரிட்டார். அவர் கணக்கு பதினொன்று ஆயிற்று. அந்த ஆண்டே அவருக்கு டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்ற பதக்கம் கிடைத்தது. போர் வேலை முடிந்ததும் என்ன செய்தார்? பழையபடி பண்ணைக்கே போனார். 2011-ல், 95 வயதில் காலமானார்.

நேயர்களே, இந்த இருவர் வாழ்க்கையிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்ன?

முதலாவது, பயம் இல்லாதவன்தான் வீரன் என்று நாம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டர்வொர்த் வானில் வட்டமிட்ட ஸ்கார்ஃபுக்கு ஆபத்து தெரியாமலா இருந்திருக்கும்? கீழே எரிகிற விமானங்களைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா? ஆபத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு, ஏற்ற வேலையை விடாதிருப்பதே வீரம். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அதைச் செய்வது இன்னும் பெரிது. இது உங்களுக்குப் புரியாத செய்தி இல்லை. விடியுமுன் இருட்டில் எழுந்து, பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாகத் தம் நிரையில் மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். கங்காணி பார்க்கவில்லை, கிராணி பார்க்கவில்லை. ஆனாலும் மரத்துக்குக் காயம் படாமல், பட்டையை அளவாகச் சீவினார்கள். குண்டு விழுகிற வானமும் பால்மரக் காடும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வேலையில் நேர்மை குறையாத மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது, எந்த வீரனும் தனியாள் இல்லை. பதக்கம் ஒருவர் மார்பில் குத்தப்படுகிறது. அந்த மார்பைத் தாங்கிப் பிடித்த கைகள் எத்தனை! கால்டரும் ரிச்சும் பிடித்திராவிட்டால் அந்த விமானம் அலோர்ஸ்டார் வந்திருக்காது. இரவெல்லாம் கண் விழித்து இயந்திரத்தைச் செப்பனிட்டவர்கள் இல்லாவிட்டால் அது பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பியே இருக்காது. தம் இரத்தத்தைக் கொடுத்தும் கணவரைப் பறிகொடுத்த அந்தத் தாதியின் மனவுறுதிக்கு எந்தப் பதக்கம் ஈடு?

மூன்றாவது, வீரத்துக்கு அறிவும் துணை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாய்வதை முரட்டுத்தனம் என்போம். ஃபிஸ்கன் தம்மிடம் இருந்த விமானத்தின் பலம் எது, பலவீனம் எது என்று எடை போட்டார். எதிரியை மட்டமாக எண்ணவில்லை. படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் வசதி குறைவு என்று உட்கார்ந்து அழுதால் காரியம் நடக்காது. இருப்பதைக் கொண்டு எப்படி முன்னேறலாம் என்று மூளையைப் பயன்படுத்த வேண்டும்.

போரை நான் புகழ்வதாகத் தயவுசெய்து எண்ணாதீர்கள். சிங்கோராவில் இறந்தவர்களுக்கும் தாய்மார் உண்டு. ஃபிஸ்கன் வீழ்த்திய விமானங்களில் இருந்தவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே. போர் வந்தால் பதக்கம் பெறுகிறவர்கள் சிலர். பறிகொடுக்கிறவர்கள் கோடிப் பேர். நம் மக்கள் பறிகொடுத்தது கொஞ்சமா? அதே ஜப்பானியர் காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் லாரி லாரியாகச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள் பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் நோயாளித் தோழனைத் தோளில் சுமந்தவர் உண்டு. தம் பங்குக் கஞ்சியை அடுத்தவருக்குக் கொடுத்தவர் உண்டு. தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கை நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மார் உண்டு. அவர்களுக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்?

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது. ஸ்கார்ஃப் செய்த காரியம் ஏறக்குறைய ஐந்தாண்டு காலம் மறைந்து கிடந்தது. அதை மீட்டது எது? பார்த்தவர்கள் சொன்னார்கள்; கேட்டவர்கள் எழுதினார்கள். அவ்வளவுதான். சொல்லாமல் விட்டிருந்தால் தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் கல்லும் பத்தோடு பதினொன்றாக நின்றிருக்கும். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் 800-க்கு மேற்பட்ட போர் வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களும் அங்கே உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் யார் என்று பெயரே தெரியாது. அவர்கள் செய்த வீரச் செயல்களைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

நம் குடும்பங்களிலும் அந்த நிலை வர விடலாமா? 1941-ல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அப்படி ஒரு பெரியவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், பிள்ளைகளே, இன்றைக்கே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டிலிருந்து யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்? திரும்பி வந்தாரா?" என்று கேளுங்கள். பெரியவர் இல்லையென்றால், அவரிடம் கேட்ட அப்பா அம்மாவைக் கேளுங்கள். பெயர், தோட்டம், ஆண்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பதக்கம் கொடுக்க நம்மால் முடியாது. பெயரைக் காப்பாற்ற முடியும்.

தைப்பிங் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பெயரைக் கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயரில்லாத கற்களுக்கு முன்னாலும் அதே ஒரு நிமிடம் நில்லுங்கள்.